மனிதர் அல்லாதோர்: ஒன்று

உளவியல் திகில் சிறுகதைகளை மக்கள் ஏன் விரும்பி வாசிக்கிறார்கள் என்ற கேள்வி லண்டன் தமிழரை அதுவரை வாட்டியதாகச் சான்று எதுவும் இல்லை. ஆனால் ஐக்கிய இராச்சிய முத்தமிழ் ஆய்வுப் பேரவை ஒரு கேள்வியைக் கையில் எடுத்துவிட்டால், அது எல்லாரையும் வாட்டும்வரை விடாது. பன்னிரண்டாவது ஆய்வரங்குக்கு இந்தத் தலைப்புத் தெரிவானதற்குக் காரணம் எளிது. பேரவையிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்துபோய், நகரின் மறுகோடியில் உள்ள சட்டனில் இயங்கும் உலக முத்தமிழ் ஆய்வுப் பேரவை, பேய்க்கதைகளைப் பற்றி ஒரு கூட்டம் வைத்துவிட்டது. பேயை அவர்கள் எடுத்துக்கொண்டபடியால் இவர்களுக்கு மனம்தான் மிஞ்சியது.

தலைவர் பிரதாபன் சுவிற்சர்லாந்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். பேரவையின் நூலகம் அந்தக் கடையின் பின்பக்கத்தில் ஓர் அலுமாரியாக இருக்கிறது. புத்தகம் வேண்டுபவர்கள் முதலில் ஏழு சூட்கேஸ்களை நகர்த்த வேண்டும். ஆய்வரங்கு வேலையாக அந்த ஏழையும் நகர்த்திய செயலாளர் கிருஷ்ணமூர்த்தி, இரவல் கொப்பியைத் திறந்து பார்த்தார். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு புத்தகங்கள் இரவல் போயிருந்தன. நாற்பத்தொன்றும் திகில் கதைகள். நாற்பத்தொன்றையும் எடுத்தவர் ஒரே ஆள். செபமாலைமுத்து, பிளேஸ்டோ.

பேரவையின் பதினான்கு வருட வரலாற்றில் ஒரு வாசகர் கையும் களவுமாகப் பிடிபட்டது அதுவே முதல் தடவை. நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. அவரை ஆய்வரங்குக்கு அழைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

செபமாலைமுத்துவுக்கு அறுபத்தாறு வயது. மன்னார்க்காரர். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தட்டு அடுக்கி ஓய்வு பெற்றவர். மனைவி அஞ்சலீனா மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஒரே மகள் பிறேமினி சட்டன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். அதுவும் லண்டன்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ரெயிலும் ஒரு பஸ்ஸும் எடுத்துப் போய்ச் சேர்ந்தால், அவள் ஷிப்டுக்குப் புறப்படும் நேரமாக இருக்கும். மாதா கோயில் ஞாயிறு பூசையில் சமாதானம் பகிரும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அவருடைய கையைப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது அவரைத் தொடுவது அடுத்த ஞாயிறுதான்.

கால் நோவு கூடிய ஞாயிறுகளில் அதுவும் இல்லை. மகள் வாங்கித் தந்த டாப்லெட்டில் பூசையை நேரலையாகப் பார்ப்பார். அந்த டாப்லெட் நின்று, சுற்றி, யோசித்துத்தான் எதையும் காட்டும். கோயிலில் பூசை முடிந்து சனம் கார் எடுத்துப் போன பிறகும், இவருடைய வீட்டில் பாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருப்பார். அரை மணித்தியாலம் பிந்திக் கிடைத்தாலும் ஆசீர் ஆசீர்தான் என்று அவர் இருந்து முழுவதையும் பார்ப்பார்.

பேரவையின் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. "வாசகர் பிரதிநிதியாகக் கலந்துகொண்டு, 'நான் ஏன் இவற்றை வாசிக்கிறேன்' என்ற பொருளில் ஐந்து நிமிடம் உரையாற்றித் தருமாறு தங்களை மேன்மையுடன் வேண்டுகிறோம்" என்று அதில் இருந்தது. செபமாலைமுத்து அதை நான்கு தரம் வாசித்தார். அவரை ஏன் என்று யாரும் எதையும் கேட்டு வெகு காலமாகிவிட்டது. டொக்டர் எத்தனை நாளாக என்று கேட்பார். மகள் சாப்பிட்டீங்களோ என்று கேட்பாள். வங்கியில் தாயாரின் பெயர் என்ன என்று கேட்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவரிடமோ அதற்கு ஒரு பதில் இருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பதில்.

உடனே பிறேமினிக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, வாற மாதம் நான் மேடையில பேசப்போறன்."

"என்னப்பா? என்னத்தைப் பற்றி?"

"திகில் கதையளைப் பற்றி."

"நீங்கள் அதெல்லாம் வாசிக்கிறனீங்களோ? தனிய இருந்துகொண்டு ஏனப்பா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சடித்த கடிதத்தில் ஐந்து நிமிடம் என்று இருந்தது. போனில் அவளிடம் அவ்வளவு நேரம் கிடைப்பது கஷ்டம்.

"அதைத்தான் பேசப்போறன். நேரலையில போகுதாம். பாக்கிறியோ?"

"எனக்கு லோங் ஷிப்ட் அப்பா. ட்ரை பண்ணுறன்."

ட்ரை பண்ணுறன் என்பதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டார். கடையில் ஒரு கொப்பி வாங்கி வந்து ஐந்து நிமிடப் பேச்சை எழுதினார். வாசித்துப் பார்த்தபோது ஒன்பது நிமிடம் வந்தது. வெட்டினார். ஏழு வந்தது. அஞ்சலீனாவைப் பற்றிய இடத்தை வெட்டினால் ஐந்துக்குள் வரும் என்று தெரிந்தது. அதை மட்டும் வெட்டாமல் மற்றதையெல்லாம் வேகமாக வாசித்துப் பழகினார்.

அடுத்த கிழமை ஒரு படிவம் வந்தது. அதைத் தயாரித்தவர் பேரவையின் மனநலப் பிரிவு இணைப்பாளர் பிரியம்வதா. ஆறு சனிக்கிழமைகள் இணையவழியில் ஒரு பயிற்சி எடுத்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருப்பவர். முதன்முதலாகப் பயந்த திகதி, பயம் வருமுன் உண்ட உணவு, பயத்துக்கு வீட்டார் தெரிவித்த கருத்து என்று இருபத்தாறு கேள்விகள். செபமாலைமுத்து எல்லாவற்றையும் உண்மையாக நிரப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் கிருஷ்ணமூர்த்தி போன் எடுத்தார்.

"அண்ணை, ஏழாங் கேள்வியில பிழை விட்டிருக்கிறியள்."

"என்ன பிழை தம்பி?"

"வீட்டில் உங்களுடன் வசிப்போர். மனிதர், பூச்சியம். மனிதர் அல்லாதோர், பூச்சியம். ரெண்டுக்கும் பூச்சியம் எண்டால் கொம்பியூட்டர் எடுக்குதில்லை."

"ஒருத்தரும் இல்லையே தம்பி."

"அது எனக்கு விளங்குது. கொம்பியூட்டருக்கு விளங்காது. நாய், பூனை?"

"இல்லை."

"மீன்?"

"இல்லை."

"அப்ப எங்கயாவது ஓரிடத்தில ஒண்டு எண்டு போட்டு விடுங்கோ. சும்மா ஒரு படிவம் தானே. ஆர் பாக்கப்போறது?"

செபமாலைமுத்து அன்று பின்னேரம் முழுக்க அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு இருந்தார். மனிதர் என்ற கட்டத்தில் ஒன்று போட அவருக்கு மனம் வரவில்லை. அது அஞ்சலீனாவின் கட்டம். கடைசியில் மற்றக் கட்டத்தில் ஒன்று என்று போட்டு, கையெழுத்தும் வைத்து அனுப்பிவிட்டார். கொம்பியூட்டர் திருப்தியடைந்தது.

ஆய்வரங்கு யூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பின்னேரம் மூன்று மணிக்கு என்று இருந்தது. செயலாளர் அனுப்பிய நேரலை இணைப்பு வேலை செய்கிறதா என்று செபமாலைமுத்து டாப்லெட்டில் திறந்து பார்த்தார். நிர்வாகிகள் ஐந்து பேரின் முகங்களும், சற்று நேரத்தில் ஆரம்பம் என்ற வரியும் தெரிந்தன. பிறேமினிக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தபோது சந்தோசமாக இருந்தது. சேர்ட்டை அயன் பெட்டியால் மினுக்கிப் போட்டுக்கொண்டு, கொப்பியைப் பையில் வைத்து, நேரமாகிவிட்டது என்று அவசரமாக வெளிக்கிட்டார். அவர் கதவைப் பூட்டியபோது அந்த ஐந்து முகங்களும் மேசையில் சிரித்துக்கொண்டிருந்தன.

அப்டன் பார்க் மண்டபத்துக்கு இரண்டரைக்கே போய்விட்டார். மேல்மாடியில் கதிரை போட்டுக்கொண்டிருந்த சுசிலா என்ற பெண்மணி மட்டும் இருந்தார். பேரவையில் வேலை செய்பவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்து எழுபது கதிரை போட்டார்கள். நாலு மணிக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஞாயிறு பூசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் லூர்தம்மா வந்து, அவரைக் கண்டு தலையாட்டி, பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

விழா மங்கல விளக்குடன் தொடங்கியது. முந்திய வருடம் உண்மையான குத்துவிளக்கை ஏற்றித் தீ எச்சரிக்கை மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, சிறப்பு விருந்தினர் பொன்னாடையுடன் இரண்டு மணித்தியாலம் வீதியில் நின்றிருந்தார். ஆகவே இந்த முறை பற்றரி விளக்கு. ஐந்து திரி, ஐந்து சுவிட்ச், ஐந்து பிரமுகர். நான்கு திரிகள் எரிந்தன. ஐந்தாவது எரியவில்லை. அதற்குரிய பிரமுகர் தன்னுடைய திரி எரியாமல் கதிரையில் உட்காரப்போவதில்லை என்று மேடையிலேயே நின்றுவிட்டார். பதினைந்து நிமிடப் பேச்சுவார்த்தைக்குப் பின் கிருஷ்ணமூர்த்தி ஒரு கதிரையில் ஏறி, சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றி விளக்குக்குப் போட்டார். மங்கலம் பூரணமாயிற்று. மணிக்கூடு நாலு மணி இருபது நிமிடத்தில் நின்றது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் கூடியது பத்து நிமிடம், அதுவும் மண்டபச் சுவர் மணிக்கூட்டின்படி என்பது பேரவையின் யாப்பில், அதாவது அமைப்புச் சட்டத்தில், உள்ள விதி. கைக்கடிகாரங்களைப் பற்றிய பழைய சண்டை ஒன்றில்தான் சட்டன்காரர் பிரிந்து போனார்கள். ஆகையால் அன்று பேசியவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தே பேசினார்கள். பேரவை வரலாற்றில் முதல் முறையாக ஒரு பேச்சாளர்கூட நேரத்தை மீறவில்லை.

இறந்தோருக்கான அகவணக்கம் நடந்தது. எல்லாரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். செபமாலைமுத்துவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வீட்டிலும் அவர் நாள் முழுக்க மௌனமாகத்தான் இருக்கிறார். ஆனால் நாற்பது பேருடன் சேர்ந்து மௌனமாக இருப்பது வேறு. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நல்லது என்று அவர் நினைக்கும்போதே, எல்லாரையும் அமரச் சொன்னார்கள்.

வரவேற்புரை, தொடக்கவுரை, மூன்று வாழ்த்துரைகள். பிந்தி வந்த பிரமுகர் ஒருவருக்காக வரவேற்புரை மறுபடியும். பிறகு தலைவர் பிரதாபன் எழுந்தார்.

"அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே! நான் இந்தக் கதைகளில் ஒன்றைக்கூட வாசித்தவன் அல்லன். ஆகவேதான் பக்கச்சார்பின்றிப் பேசும் தகுதி எனக்கு இருக்கிறது. எமது நிர்வாகத்தில் எவருமே வாசித்ததில்லை. அந்தத் தூய்மையை நாங்கள் பதினான்கு வருடமாகக் காப்பாற்றி வருகிறோம்."

கைதட்டல்.

"மக்கள் ஏன் இவற்றை வாசிக்கிறார்கள்? பயப்படுவதற்கு. ஏன் பயப்பட வேண்டும்? சுவிசிலே நான் இருந்த கிராமத்தில் பதினெட்டு வருடமும் என்னுடன் ஒருவரும் கதைக்கவில்லை. கண்டால், குட்டன் டாக், வணக்கம் என்பார்கள். அவ்வளவுதான். நான் பயந்தேனா? இல்லை! ஒரு பேரவை தொடங்கினேன். அது பிரிந்தது. பயந்தேனா? லண்டனுக்கு வந்து இன்னொன்று தொடங்கினேன். இன்று கடை பூட்டியிருக்கும் நாட்களிலும் நான் கடைக்குள்தான் இருக்கிறேன், பேரவை வேலையாக. எனக்குத் திகில் தேவையில்லை. எனக்குத் தேவை உறுப்பினர்கள்!"

மறுபடியும் கைதட்டல். செபமாலைமுத்து மட்டும் தட்ட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிசனுக்கு ஒரு நல்ல புத்தகம் இரவல் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு, அந்த அலுமாரியே அவருடைய கடையில்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்து பிரியம்வதா. திரையில் மூளையின் படம் விழுந்தது. பாதி மூளை திரையிலும் பாதி சுவரிலும் இருந்தது. பயம் மூளையின் எந்த மூலையில் ஊறுகிறது என்று விளக்கிவிட்டு, "இப்போது ஓர் உயிருள்ள உதாரணத்தைப் பார்ப்போம்" என்றார். அவருடைய கை தன்னைக் காட்டியதால் செபமாலைமுத்து எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. கொப்பியைக் கையில் எடுத்தார்.

"இல்லை ஐயா, பேச வேண்டாம். சும்மா நில்லுங்கோ. சபையோரே, இவர் மூன்று வருடத்தில் நாற்பத்தொரு திகில் புத்தகங்களை வாசித்திருக்கிறார். ஏன்? இவர் கைப்பட நிரப்பிய படிவத்தில் விடை இருக்கிறது. ஏழாவது கேள்வி. வீட்டில் உடன் வசிக்கும் மனிதர், பூச்சியம். மனிதர் அல்லாதோர்..." பிரியம்வதா ஒரு கணம் நிறுத்தினார். "ஒன்று."

லூர்தம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்து, இரண்டு கதிரை தள்ளிப் போய் இருந்தார்.

"இல்லைப் பிள்ளை, அது கொம்பியூட்டர் எடுக்கேல்லை எண்டு..." என்று தொடங்கினார் செபமாலைமுத்து.

"மறுப்பது முதலாவது அறிகுறி" என்றார் பிரியம்வதா கனிவாக.

"செயலாளர்தான் ஒண்டு போடச் சொன்னவர்."

"பிறர் சொல்லித்தான் செய்தேன் என்பது இரண்டாவது."

எல்லாரும் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். செபமாலைமுத்து கொப்பியைக் கீழே இறக்கினார். பேசாமல் நின்றார். அது மூன்றாவது அறிகுறி என்று சபைக்கு அறிவிக்கப்பட்டது.

பிறகு நடந்தவை ஒழுங்காக நடந்தன. சபையிலிருந்து ஒருவர் எழுந்து, அந்த மனிதர் அல்லாதவர் தமிழரா என்று கேட்டார். இன்னொருவர், அவருக்கும் உறுப்புரிமைப் படிவம் அனுப்பலாமா என்று கேட்டார். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். வீட்டை மந்திரித்துவிட வேண்டும் என்று ஒரு பக்கமும், முதலில் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும் என்று இன்னொரு பக்கமும் வாதாடின. முடிவில் 'திகில் வாசகர் நலன் பேணும் உபகுழு' என்று ஒன்பது பேர் கொண்ட குழு தெரிவாயிற்று. வருடத்துக்கு இரு முறை கூடும். அந்தக் குழுவுக்கு செபமாலைமுத்துவின் வீட்டுக்குப் போய் வரும் அதிகாரம் உண்டா என்ற கேள்வி வந்தபோது, அவர் நிமிர்ந்து பார்த்தார். யாராவது வருவார்கள் என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டார். காப்புறுதிச் சிக்கல் இருப்பதால் உறுப்பினர்கள் வீடுகளுக்குப் போகக் கூடாது என்று விதி சொல்லியது.

"அடுத்ததாக, வாசகர் பிரதிநிதியின் உரை" என்று கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். செபமாலைமுத்து கொப்பியுடன் மேடைக்கு ஏறினார். அப்போது பிரதாபன் முதன்முறையாகத் தன் போனை எடுத்து நேரம் பார்த்தார். ஆறு மணி நாற்பது. ஏழு மணிக்கு மண்டபத்தை உடற்பயிற்சி நடனக்காரருக்கு விட்டாக வேண்டும்.

"ஐயா, நேரமில்லை. உங்கட பேச்சை விழா மலரில போடுவம். சந்தோசமா ஒரு போட்டோ எடுப்பம்" என்றார்.

"ரெண்டு நிமிசம்..."

"அடுத்த வருசம் நீங்கள்தான் முதலாவது!"

தோளில் பொன்னாடை விழுந்தது. கையில் கண்ணாடி நினைவுச்சின்னம் ஏறியது. அதில் அவருடைய பெயருக்கு மேலே தலைவரின் பெயர் இருந்தது. படம் பிடித்தார்கள். நன்றியுரை மட்டும் பதினெட்டு நிமிடம் நடந்தது. அதற்குள் பாதிச் சனம் கீழே ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்திருந்த அறைக்கு இறங்கிவிட்டது. நன்றி சொல்லி முடித்தவர் மீதிப் பேருடன் இறங்கினார்.

செபமாலைமுத்து தன்னுடைய பையை எடுக்க முன்வரிசைக்கு வந்தார். முக்காலியில் கமெரா அப்படியே நின்றது. அதை நிறுத்த வேண்டிய கிருஷ்ணமூர்த்தி ரோல்ஸ் முடிந்துவிடும் என்ற பயத்தில் முதலாவதாக இறங்கியிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த லப்டொப்பில் வெறும் மேடை தெரிந்தது. மூலையில் ஒரு கண் படமும் ஓர் எண்ணும் இருந்தன. நேரலையைப் பார்ப்போர்: 1.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒன்றுதான். லண்டன் முழுவதிலும், உலகம் முழுவதிலும், இவ்வளவு நேரமாகியும் போகாமல் ஒரே ஒரு ஆள் இருந்தது. அது யார் என்று அவருக்குத் தெரியும். ட்ரை பண்ணுறன் என்று சொன்னாள் அல்லவா?

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு கமெராவுக்கு முன் போய் நின்றார்.

"பிள்ளை, நீ இருக்கிறாய் எண்டு தெரியும். கொப்பி தேவையில்லை, எனக்குப் பாடம். ஏன் வாசிக்கிறனீங்கள் எண்டு கேட்டனி. இந்தக் கதையளில ஒருத்தன் தனிய இருப்பான். வேலையால வந்து பாத்தால், வைச்ச கோப்பை வைச்ச இடத்தில இராது. பூட்டின பைப் திறந்திருக்கும். ரெண்டாவது பல்லுப் பிரஷ் ஈரமா இருக்கும். சனம் பயப்பிடுற இடம் அதுதான். நான் அதில புத்தகத்தை மூடிப்போட்டு யோசிப்பன், இவனுக்கு என்ன குறை? வீட்டில ஆரோ இருக்கினமே எண்டு.

"அம்மா போனாப் பிறகு ஒருநாள் கோப்பையைக் கொண்டுபோய்ச் சோபாவின்ர கையில வைச்சன். வேணுமெண்டுதான் வைச்சனான். பின்னேரம் வந்து பாத்தன், அதிலயேதான் இருந்துது. அடுத்த நாளும் வைச்சன். விசர் வேலை எண்டு எனக்குத் தெரியும். அஞ்சு நாள் வைச்சுப் பாத்தன் பிள்ளை. அசையேல்லை. அம்மான்ர பிரஷ் காஞ்சுதான் கிடக்கு. பயம் எண்டால் அதுதான். நான் வைச்சது எல்லாம் நான் வைச்ச இடத்திலயே இருக்கிறது. மற்றது, அந்தக் கதையளில ஒருத்தன் கதவில நிண்டு, 'ஆரது உள்ளுக்கை?' எண்டு கேப்பான். எனக்கு அப்பிடி ஒருக்கால் கேக்க ஆசை. கேக்கிறதுக்கு ஒரு காரணம் கிடைக்குதில்லை.

"நீ வாறேல்லை எண்டு நான் சொல்லேல்லை. உனக்கு ஷிப்ட். எனக்குத் தெரியும். சும்மா சொல்லவேணும் போல இருந்துது, அவ்வளவுதான். பிள்ளை, கேக்கிறியோ?"

லப்டொப்பில் ஒன்று என்ற எண் அப்படியே இருந்தது.

சுசிலா கோப்பைத் தட்டத்துடன் உள்ளே வந்தார்.

"ஆரோட அண்ணை கதைக்கிறியள்?"

"மகளோட."

"நல்லம். நான் இதை மூடவேணும். டான்ஸ்காரர் படியில நிக்கினம்." லப்டொப்பை மூடிவிட்டு, தட்டத்திலிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினார். "கீழ எல்லாம் முடிஞ்சுது. உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான். ரெண்டு ரோல்ஸ் இருக்கு."

"எனக்கு ஒண்டு காணும் தங்கச்சி."

"மற்றது வீட்டில இருக்கிறவருக்கு" என்றார் சுசிலா. முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவேதான் சொன்னார்.

வெளியே நல்ல வெளிச்சம். செபமாலைமுத்து பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். கால் நோகவில்லை. சொல்லிவிட்டார், அவள் கேட்டுவிட்டாள். வீட்டுக்குக் கிட்ட வரும்போது போன் அடித்தது.

"சொறி அப்பா. இப்பதான் போனைக் கையில எடுக்கிறன், வோர்ட்டில வேலைக்கு ஆக்கள் காணாது. ஒண்டும் பாக்கேலாமப் போச்சு. நல்லாப் பேசினீங்களோ?"

அவர் வீதியோரத்தில் நின்றார்.

"ஓம் பிள்ளை. நல்லாப் பேசினன்."

"ஏன் வாசிக்கிறனீங்கள் எண்டு சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"எனக்கும் ஒருநாள் சொல்லுங்கோ என்ன? வைக்கிறன், கூப்பிடுகினம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் நடந்தார். அப்படியானால் அந்த ஒருவர் யார்? கனடாவாக இருக்குமோ, நோர்வேயாக இருக்குமோ? யாரோ ஓர் ஆள், மூன்று மணித்தியாலம் அந்தக் கூத்தை முழுவதும் பார்த்து, எல்லாரும் போன பிறகும் போகாமல் இருந்திருக்கிறார். வேறு போக இடமில்லாதவராகத்தான் இருக்க வேண்டும். அவரை நினைக்க செபமாலைமுத்துவுக்கு இரக்கமாகவும், கொஞ்சம் துணையாகவும் இருந்தது.

வீட்டு மாடிப்படி ஏறி, திறப்பைப் பூட்டில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆண் குரல். தாழ்ந்த குரல். என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை, ஆனால் ஒரு மனிதனிடம் சொல்வதைப்போல நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு புத்தகங்களிலும் ஆட்கள் ஓடுகிற இடம் இதுதான். அவர் ஓடவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பயம் அல்ல, சந்தோசம். அவர் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்து, மூன்று வருடமாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்.

"ஆரது உள்ளுக்கை?"

"...அஞ்சு நாள் வைச்சுப் பாத்தன் பிள்ளை. அசையேல்லை" என்றது குரல்.

அவருக்கு விளங்கிவிட்டது. மேசையில் திறந்தபடி விட்டுப்போன டாப்லெட். நின்று, சுற்றி, யோசித்து, அரை மணித்தியாலம் பிந்தி இப்போதுதான் அவருடைய பேச்சுக்கு வந்து சேர்ந்திருந்தது. கடைசிவரை போகாமல் இருந்த அந்த ஓர் ஆள் அதுதான். படிவத்தில் அவர் பொய் எழுதவில்லை. மனிதர் அல்லாதோர், ஒன்று.

உள்ளே போய் அதை நிறுத்தலாம். நிறுத்தினால் வீடு வழக்கம்போல ஆகிவிடும். செபமாலைமுத்து கதவை அந்த நாலு விரல் அளவிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ரோல்ஸ் பொதியைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்த ஆள் பிரஷைப் பற்றிச் சொன்னான், பயத்தைப் பற்றிச் சொன்னான், ஷிப்டைப் பற்றிச் சொன்னான். குறுக்கே பேசாமல், சுவர் மணிக்கூட்டைப் பார்க்காமல், அவர் மிச்சம் முழுவதையும் கேட்டார்.

"சும்மா சொல்லவேணும் போல இருந்துது, அவ்வளவுதான். பிள்ளை, கேக்கிறியோ?"

"ஓம்" என்றார் செபமாலைமுத்து. "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். சொல்லு."